முள்ளந்தண்டு ஒப்பரேஷன்: பாசத்தில் நாங்கள் விட்ட பிழைகள்

மகளுக்கு அப்போது 14 வயது. எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர் முள்ளந்தண்டின் வளைவு 52 பாகை, ஒப்பரேஷன் வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் குசுகுசு என்று கதைக்கத் தொடங்கினோம். வெள்ளவத்தை ஃபிளாட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் நின்று கதைத்தால்தான் பிள்ளைக்குக் கேட்காது? அவள் இரவில் போனில் தேடி, ஒப்பரேஷன் செய்தால் கால் இழுத்துக்கொண்டுவிடும் என்று யாரோ போட்ட வீடியோக்களை எல்லாம் பார்த்து முடித்திருந்தாள்.

ஸ்கோலியோசிஸ், அதாவது முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைவதற்கான ஒப்பரேஷனுக்குப் பிள்ளையைத் தயார்படுத்தும்போது நாங்கள் விட்ட பிழைகளில் பெரியது இதுதான். டொக்டரிடம் போனபோதும் அவளை வெளியே கதிரையில் இருத்திவிட்டு நாங்கள் மட்டும் உள்ளே போனோம். அடுத்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். ஒப்பரேஷன் நடக்கும்போதே நரம்புகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று மெஷினில் பார்த்துக்கொண்டிருப்போம் என டொக்டர் அவளைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

"புத்தகப்பையைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி வந்தது", "கூனிக்கொண்டு போன் பார்த்ததால்தான்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். பதின்ம வயதில் வரும் வளைவுக்குப் பெரும்பாலும் காரணமே தெரியாது, பையாலோ இருக்கும் விதத்தாலோ வருவதில்லை. ஏற்கெனவே பயந்துபோன பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி வேறு எதற்கு? அதே மாதிரி, "முதுகு நேர்கோடு மாதிரி வந்துவிடும்" என்று ஆசை காட்டவும் வேண்டாம். ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு முடிந்தளவு நிமிர்த்தி, எலும்புத் துகள் வைத்து அந்த முள்ளெலும்புகளை ஒன்றாக ஒட்டவிடுகிறார்கள். கொஞ்ச வளைவு மிஞ்சலாம். ஒட்டிய இடம் இனி வளையாது என்பதையும் முன்னமே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மருந்து விஷயம். முதுகு நோவுக்கு இபுபுரூஃபன், அம்மம்மா காய்ச்சிக் கொடுத்த கசாயம், ஆயுர்வேதக் குளிசை என்று எது உள்ளே போயிருந்தாலும் டொக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகள் இரத்தப்போக்கைக் கூட்டும் என்பதால் ஒப்பரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நான் கசாயத்தைச் சொல்லவில்லை, ஏச்சு விழும் என்று பயம். கடைசியில் நேர்ஸிடம் அம்மம்மாவே போட்டுக்கொடுத்துவிட்டார்.

வீட்டை ஒழுங்குபடுத்துவதை, பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த நாட்களில் நேரமே கிடையாது. எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. படி ஏறி இறங்க ஆஸ்பத்திரியிலேயே பழக்கிவிட்டார்கள், அது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. தரையில் விரித்த மெத்தையும் பதிவான கொமட்டும்தான் எங்களைப் படாத பாடு படுத்தின. குனியாமல், முறுகாமல், பாரம் தூக்காமல் இருக்க வேண்டிய பிள்ளைக்குக் கட்டில் உயரமாக வேண்டும், உடுப்பு முன்பக்கம் பட்டன் உள்ளதாக வேண்டும், தண்ணீர்ப் போத்தல் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எழுப்பும்போது பாசத்தில் அக்குளுக்குள் கையை விட்டுத் தூக்காதீர்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக வர, மரக்குற்றி உருளுவதுபோல் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே போட்டு அவளாக எழும்ப வேண்டும். இதை ஒப்பரேஷனுக்கு ஒரு கிழமை முன்பிருந்தே வீட்டுக் கட்டிலில் பழக்கியிருக்கலாம்.

சாப்பாடு. எங்கள் ஆட்களின் கிரந்திப் பயம் உங்களுக்குத் தெரியும்தானே. முட்டை கிரந்தி, இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, புண் ஆறாது என்று பிள்ளைக்கு வெறும் கஞ்சியும் பாணும். புண் ஆறவும் எலும்பு ஒட்டவும் புரதம் வேண்டும். ஒவ்வாமை இல்லையென்றால் மீன், முட்டை, பருப்பு எல்லாம் கொடுங்கள். வலி மருந்தால் மலச்சிக்கல் வரும், வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் பப்பாசியும் உதவும், ஆனால் அதற்குத் தரும் மருந்தையும் விடக்கூடாது. "கனக்கக் குளிசை போட்டால் பழகிவிடும்" என்று சொல்லி நான் ஒரு இரவுக் குளிசையைத் தள்ளிப்போட்டேன். விடியும்போது வலி எகிறி, பிறகு அதை அடக்க ஒரு பகல் முழுக்கப் போனது. முதல் நாட்களில் எழுதித் தந்த நேரத்துக்கே கொடுங்கள், குறைப்பதை டொக்டர் சொல்வார்.

பார்க்க வருபவர்களை முதல் கிழமை கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லலாம். "இனிக் கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் எப்படி?" என்று அவளுக்கு முன்னாலேயே கேட்டார் ஒரு உறவுக்காரர். இந்த ஒப்பரேஷன் செய்த எத்தனையோ பெண்கள் நன்றாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்னும் அது மனதில் கிடக்கிறது.

பள்ளிக்கூடம் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமையில் போகலாம். ஓ-லெவல் டியூஷன் என்று அதற்கு முன்னமே ஓட்டோவில் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள். முட்டிமோதும் விளையாட்டுக்குப் பல மாதம் பொறுக்க வேண்டும்.

காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், காலில் புதிதாக விறைப்பு அல்லது பலவீனம், நிற்காத வாந்தி, மூச்சு முட்டல் என்றால் இரவு 2 மணியானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போன் எடுக்க வேண்டும். நாங்கள் முதலில் காயத்தைப் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். பதினொரு பதில் வந்தது, அதில் நான்கு மஞ்சள் பூசச் சொன்னது.