கார் என்றாலே நடுங்கும் சின்ன நாயைப் பழக்குவது எப்படி: எங்கள் மல்லியோடு 7 வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை மல்லி காரில் தூங்கிவிட்டாள். கிருஷ்ணகிரியில் ஏறியவள் காவேரிப்பட்டணம் தாண்டியதும் முன்னங்கால் மேல் தாடையை வைத்தாள், காரிமங்கலம் வருவதற்குள் குறட்டை. தர்மபுரியில் வண்டி நின்றதும் அம்மா ஓடி வந்து கதவைத் திறந்து, முதலில் அவள் தாடையைத்தான் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதற்கு முன் இரண்டு வருடமாக அந்தத் தாடை ஒருநாளும் காய்ந்து வந்ததில்லை. எச்சில் ஒழுகி நெஞ்சு முடியெல்லாம் சடை பிடித்து, உடம்பு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டுதான் இறங்குவாள். "ஏண்டி கண்ணு, வாயில்லா ஜீவனை இப்படி இழுத்துக்கிட்டு வர்ற?" என்று அம்மா கேட்காத மாதம் இல்லை.

மல்லி 6 கிலோ எடையுள்ள வெள்ளை ஸ்பிட்ஸ். நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லி வாங்கும் நாய்தான். இதே பாடு படுகிறவர்களுக்காக, நாங்கள் செய்ததைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நாங்கள் தவறு செய்த இடத்தையும் சேர்த்து.

முதலில்: பயமா, குமட்டலா?

நின்றிருக்கும் காரில், இன்ஜின் போடாமல், நாயை ஏற்றி 5 நிமிடம் உட்காருங்கள். அப்போதே நடுங்கினால், மூச்சு வாங்கினால், கதவைப் பிராண்டினால் அது பயம். நின்ற காரில் நிம்மதியாக இருந்து, ஓட ஆரம்பித்துச் சிறிது நேரம் கழித்து நாக்கால் உதட்டை நக்கி, எச்சில் ஒழுக்கி, வாந்தி எடுத்தால் அது குமட்டல். குட்டிகளுக்கு உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காது முழுதாக வளர்ந்திருக்காது. அதனால்தான் குட்டியில் வாந்தி அதிகம். ஒரு வயதை ஒட்டிப் பல நாய்களுக்கு அது குறைந்துவிடும்.

ஆனால் குமட்டல் போன பிறகும் அதன் நினைவு போவதில்லை. மல்லியை 2 மாதக் குட்டியாக ஓசூரிலிருந்து கொண்டுவந்தபோது வழியெல்லாம் வாந்தி. அதன் பிறகு குட்டியாக இருந்தவரை காரில் ஏற்றியதெல்லாம் தடுப்பூசி போடத்தான். கார் என்றால் வயிற்றைப் புரட்டும், இறங்கினால் ஊசி குத்துவார்கள். அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நாங்கள்தான் அந்தக் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது.

குமட்டல் இருந்தால் கால்நடை டாக்டரைப் பார்க்காமல் பழக்கத் தொடங்காதீர்கள். வயிறு புரளும் நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. மாரோபிடண்ட் என்று நாய்களுக்குக் கொடுக்கும் வாந்தித் தடுப்பு மருந்து இருக்கிறது. எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் டாக்டர். நாம் பஸ்ஸில் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அசத்திப் போடும் மருந்தைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். ஏசெப்ரோமசின் போன்றவை உடம்பைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் பயத்தைத் தொடாது. நாய் அசையாமல் கிடந்தபடி பயந்துகொண்டிருக்கும். பயம் மிக அதிகம் என்றால் பதற்றத்தையே குறைக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன, டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

வாங்க வேண்டியவை, தூக்கிப்போட வேண்டியவை

தூக்கிப்போட வேண்டியதை முதலில் சொல்கிறேன்: கண்ணாடியில் தொங்கும் வாசனை டப்பா. நமக்கே தலை வலிக்கிறது, நாயின் மூக்குக்கு அது என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள். கழற்றிவிட்டு இரண்டு நாள் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

கழுத்துப்பட்டையில் பெல்ட்டை மாட்டாதீர்கள். திடீர் பிரேக்கில் சின்ன நாயின் குரல்வளை தாங்காது. நெஞ்சைச் சுற்றி ஒய் எழுத்து மாதிரி வரும் ஹார்னஸ்தான் வேண்டும், பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைப் பின் சீட்டு பெல்ட்டோடு குட்டையான வாரால் இணைக்க வேண்டும். முன் சீட்டும் மடியும் கூடவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் 6 கிலோ உயிர் என்னவாகும்?

கடைகளில் தொட்டில் மாதிரி தொங்கும் சீட்டு விரிப்பு விற்கிறார்கள். லாப்ரடாருக்குச் சரி. சின்ன நாய் அதன் நடுவில் பள்ளத்தில் விழுந்த மாதிரி அமிழ்ந்துபோகும். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் போட்டது வாசற்படி ரப்பர் மிதியடி ஒன்று, அதன் மேல் என் பழைய நூல் புடவை. ரெக்சின் சீட்டில் கால் வழுக்குவதே மல்லியின் பயத்தில் பாதி என்பது மிதியடி போட்ட அன்றுதான் தெரிந்தது. நான்கு காலும் ஊன்றி நின்றாள். பக்கவாட்டுக் கண்ணாடிகளில் கறுப்புத் துணி மாட்டினோம். மரங்கள் விருட்டென்று ஓடுவது நின்றது, முன்பக்கம் மட்டும் தெரிந்தது.

படி 1: நிற்கும் கார், திறந்த கதவுகள்

இரண்டு பக்கக் கதவும் திறந்தே இருக்கட்டும். ராத்திரி சோற்றுக் கிண்ணத்தை முதல்நாள் காருக்குப் பக்கத்தில், மறுநாள் காரின் தரையில், அதன் மறுநாள் சீட்டில் வையுங்கள். தூக்கி ஏற்றாதீர்கள், அவளாக ஏற ஒரு முக்காலி போதும். எங்களுக்கு 4 நாள் ஆனது.

படி 2: கதவை மூடுவது

முதலில் ஒரு பக்கம், பிறகு இரண்டும். மெதுவாகச் சாத்துங்கள். நாங்கள் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

படி 3: இன்ஜின். இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்

வீட்டுக்காரர் ஓட்டுநர் சீட்டில், நான் பின்னால் மல்லியோடு. என் கையில் எவர்சில்வர் டப்பா, அதில் வேகவைத்த கோழி ஈரல். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. துண்டுகள் கடலைப்பருப்பு அளவு. டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கொடுப்பேன், அவள் மென்றுகொண்டிருக்கும்போது அவர் சாவியைத் திருப்புவார். தின்கிற கவனத்தில் சத்தம் தெரியாது என்பது எங்கள் நினைப்பு.

முதல் நாள் தின்றாள். இரண்டாம் நாள் வாயில் வாங்கிக் கீழே போட்டாள். மூன்றாம் நாள் நான் சமையலறையில் டப்பா மூடியைத் திறந்த சத்தம் கேட்டு, மல்லி கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஈரலுக்காக அடுப்படியில் தவம் கிடக்கும் நாய், ஈரலைப் பார்த்து ஒளிந்துகொண்டது. அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குப் பிடித்த ஒன்றையும் பிடுங்கிவிட்டேனே என்று நெஞ்சு அடைத்தது.

யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. ஈரல் முதலில், சத்தம் பின்னால். அப்படியென்றால் ஈரல் அவளுக்கு என்ன சொல்கிறது? "இதோ, அந்தச் சத்தம் வரப்போகிறது" என்று சொல்கிறது. ஈரலை நாங்களே எச்சரிக்கை மணியாக்கிவிட்டோம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். சத்தம் வர வேண்டும், சத்தத்தின் பின்னால் ஈரல் வர வேண்டும். அப்போதுதான் சத்தம் ஈரலைச் சொல்லும்.

5 நாள் காரையே தொடவில்லை. அந்த எவர்சில்வர் டப்பாவைப் பரணில் போட்டேன். ஈரலை ஒரு துணிச் சுருக்குப்பைக்கு மாற்றினேன். பிறகு இப்படிச் செய்தோம்:

காரில் ஏறி உட்கார்ந்து சும்மா இருப்போம். கை மடியில், பை இடுப்பில். அவர் இன்ஜினைப் போடுவார். சத்தம் வந்து மனசுக்குள் "ஒன்று" எண்ணிய பிறகே என் கை பைக்குள் போகும். இன்ஜின் ஓடும் வரை துண்டு மேல் துண்டாகக் கொடுப்பேன். இன்ஜின் நின்றதும் ஈரலும் நின்றுவிடும். ஒரு தடவைக்கு 20, 30 வினாடிதான். மூன்று தடவை செய்துவிட்டு இறங்கிவிடுவோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

முதலில் கார் வாசலில் நிற்க, நானும் மல்லியும் திண்ணையில் இருந்துகொண்டு செய்தோம். அவளுக்கு உடம்பு இறுகாத தூரம் அதுதான். நாளுக்கு நாள் கிட்டே வந்தோம். உள்ளே ஏறிய ஆறாம் நாள் இன்ஜின் உறுமியது. மல்லி காதைப் பின்னால் மடிக்கவில்லை, சட்டென்று திரும்பி என் கையைப் பார்த்தாள். "எங்கே என் ஈரல்?" என்ற பார்வை. நீங்கள் காத்திருக்க வேண்டியது அந்தப் பார்வைக்காகத்தான். அது வருகிற வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள், எத்தனை நாள் ஆனாலும்.

இன்னொன்று. பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. பயம் ஒரு உணர்ச்சி, அணைத்துக்கொள்வதால் அது வளராது. அவள் உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சக்கரம் உருள்வது

ஓட்டப்போகிற நாளில் 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் கொடுக்கலாம். முதல் நாள் வாசலிலிருந்து தெருவிளக்குக் கம்பம் வரை, அவ்வளவே. பிறகு தெருமுனை. பிறகு ஒரு சுற்று. ஓட்டுகிறவர் மடியில் பால் சொம்பு இருக்கிற மாதிரி ஓட்ட வேண்டும், கிளட்ச்சை வெடுக்கென்று விடக் கூடாது. ஜன்னல் ஒரு அங்குலம் திறந்திருந்தால் போதும், தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். ஓடும்போது தீனியைக் குறைத்து, நின்ற பிறகு கொடுங்கள்.

மல்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. தூக்கம் இல்லாத கொட்டாவி, தீனி இல்லாமல் உதட்டை நக்குவது, குளிர்ந்த காரில் இரைப்பு, காது மடங்குவது, கொடுத்த ஈரலை மறுப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குப் போதும். "நல்லாத்தானே இருக்கா, இன்னும் கொஞ்ச தூரம் போலாமே" என்பார் வீட்டுக்காரர். "வேண்டாங்க, திருப்புங்க" என்பேன். எச்சில் ஒழுகிய பிறகு திரும்புவது காலம் கடந்து திரும்புவது.

படி 5: போகிற இடம் நல்ல இடமாக இருக்கட்டும்

எங்களுக்குக் கே.ஆர்.பி. அணை ரோடு வாய்த்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். ஓரமாக நிறுத்திவிட்டு, மாந்தோப்பு நிழலில் கால் மணி நேரம் அவள் இஷ்டத்துக்கு மோப்பம் பிடித்து நடப்பாள், திரும்புவோம். வாரத்தில் 4 நாள் இதுதான். ஊசியை நினைவூட்டிய கார், தோப்புக்குப் போகும் கார் ஆனது.

மாம்பழ சீசனில் நம் மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்டி பக்கமும் சாலையோரமும் சப்பிப் போட்ட மாங்கொட்டை கிடக்கும். மல்லி ஒன்றைக் கவ்வி, பற்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாள். ஈரலைக் காட்டித்தான் துப்ப வைத்தேன். சின்ன நாயின் குடலில் அது அடைத்தால் அறுவை சிகிச்சை வரை போகும். நாயைக் கீழே இறக்கிவிடும் முன் தரையைப் பாருங்கள்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். வெளியே 24 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 34, அரை மணியில் 43 டிகிரி ஆகிவிடும். நம் ஊர் சித்திரை வெயில் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டீ குடிக்க இறங்கினாலும் ஒருவர் நாயோடு இருங்கள்.

அணை ரோட்டுக்குப் பிறகு காவேரிப்பட்டணம். அங்கே ஒரு பஸ் பக்கத்தில் வந்து ஏர்ஹாரன் அடித்தது, மல்லி சீட்டுக்கடியில் போய்விட்டாள். மறுநாள் மறுபடி படி 3-லிருந்து தொடங்கினோம். இந்த முறை 3 நாளில் மீண்டாள். பின்வாங்கினால் பாழாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டாம் முறை சீக்கிரம் வரும். தர்மபுரி போய்ச் சேர மொத்தம் 7 வாரம் ஆனது.

பின்சேர்க்கை 1: தனியாக ஓட்டுகிறவர்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். படி 3 வரை சிக்கல் இல்லை, வண்டி நிற்கிறது, முன்னாலிருந்தே பின்னால் துண்டு போடலாம். ஓட்டும்போது தீனி கொடுக்க முயலாதீர்கள். நாயைப் பெல்ட்டில் கட்டிய உறுதியான கூண்டில் வையுங்கள், அந்தக் கூண்டை முன்பே வீட்டில் அதன் படுக்கையாகப் பழக்கியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, இறங்கிப் போய்க் கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: சேலம் போகிறவர் ஒருவர் தொப்பூர் கணவாயில் நாய் வாந்தி எடுப்பதாக எழுதினார். தட்டையான சாலையில் ஒரு மணி நேரம் தாங்கும் நாய்க்கும் அந்த நீண்ட இறக்கம் வேறு பரீட்சைதான். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளும், அஞ்செட்டி மலைப்பாதையும் அப்படியே. இறக்கத்துக்கு முன்னால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 10 நிமிடம் நடக்க விடுங்கள். கணவாயில் எங்கேயும் நிறுத்தாதீர்கள், லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இடம். முதல் நீண்ட பயணத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

பின்சேர்க்கை 3: இத்தனை வருடம் நன்றாக வந்த 9 வயது நாய் திடீரென்று ஏற மறுக்கிறது என்றால் அது பழக்கக் கோளாறாக இருக்காது. மூட்டு வலியோ காதில் சீழோ இருக்கலாம். முதலில் டாக்டர், பிறகு ஈரல்.

பின்சேர்க்கை 4: ஊசிக்குப் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா என்ற பயம் எனக்கும் உண்டு. இந்த வாரம் மல்லிக்கு வெறிநோய்த் தடுப்பூசி. செவ்வாயும் வியாழனும் ஊசியே இல்லாமல் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வேப்பமரத்தடியில் நின்றோம், எடை மேடையில் ஏறினாள், 6 கிலோ 200 கிராம், ஈரல் தின்றாள், வீட்டுக்கு வந்தோம். ஊசி சனிக்கிழமை. போட்டுவிட்டு வரும் வழியில் அணை ரோடு போவதாக இருக்கிறோம்.