கெட்ட செய்தி உங்கள் மேசைக்கு வர வேண்டுமானால்: பணிக்குழுவில் நம்பிக்கையை வளர்க்கும் வழிமுறை

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் வளாகத்தில், ஓர் இரசாயன ஆலையில் பல ஆண்டுகள் ஷிப்ட் பொறுப்பாளராக வேலை பார்த்தேன். பின்னர் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு பேக்கேஜிங் பிரிவின் மேலாளராக இருந்தேன். பத்துப் பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்காக, இந்த இரண்டு இடங்களிலும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். அலுவலகமோ மருத்துவமனையோ கடையோ, வேலை எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான் என்பது என் கருத்து.

ஒரு லாக் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையிலான ஷிப்டில், மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு பம்பின் அழுத்தத்தையும் அதில் குறிக்க வேண்டும். நேரில் போய்ப் பார்த்து எழுதிய பக்கம் எப்படி இருக்கும் என்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். எண்கள் சற்றே ஏறி இறங்கும். ஒரு வரி நீல மையிலும் அடுத்த வரி கறுப்பு மையிலும் இருக்கும். எங்காவது ஓர் ஓரத்தில் கிரீஸ் விரல் பதிந்திருக்கும். அன்று காலை என் முன் விரிந்த பக்கத்தில் எட்டு வரிகளும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே எண்ணைத் தாங்கி நின்றன. அதே பம்பின் சீல் ஐந்தரை மணிக்கு முழுவதுமாக விட்டுப்போய், கரைப்பான் தரையெங்கும் பரவியிருந்தது. யாருக்கும் காயமில்லை என்பது எங்கள் நல்ல நேரம்.

நள்ளிரவு ஒரு மணிக்கே அது சொட்டத் தொடங்கிவிட்டதை ஆபரேட்டர் பார்த்திருக்கிறார். அடியில் ஒரு வாளியையும் வைத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, “போன மாசம் ஹோஸ் கிழிஞ்சிருக்குன்னு சொன்னவருக்குத்தானே சார் மெமோ வந்தது” என்றார். அந்த மெமோவில் கையெழுத்திட்டவன் நான். ஹோஸ் கிழிந்ததற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த அழுத்தத்தை, அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மீதே இறக்கிவைத்திருந்தேன். ஒரே ஒரு தாள், ஒரு ஷிப்ட் முழுவதையும் வாயடைக்க வைத்துவிட்டது.

முதல் ஒரு நிமிடம்

ஒருவர் கெட்ட செய்தியோடு உங்கள் முன் வந்து நிற்கும் முதல் ஒரு நிமிடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைக் குழு முழுவதும் கவனிக்கிறது. சுற்றுலா, பிறந்தநாள் கேக், சுவரில் ஒட்டிய வாசகங்கள் ஆகிய எதுவும் அந்த ஒரு நிமிடத்தில் ஏற்படும் சேதத்தைச் சரிசெய்யாது. எனவே அந்த நிமிடத்திற்கான சொற்களை முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளுங்கள். “யார் டூட்டி?” என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. “யாருக்காவது அடிபட்டதா?”, “இப்போது எந்த நிலையில் இருக்கிறது?”, “உடனே என்ன உதவி வேண்டும்?” என்று இந்த வரிசையில் கேளுங்கள். பிறகு, “வந்து சொன்னது நல்லதாயிற்று” என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். கோபம் வரத்தான் செய்யும்; முகம் மாறும் என்று தோன்றினால், இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து நடந்துவிடுவது நல்லது. காரணத்தை ஆராய்வதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வியின் அமைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது “எல்லாம் சரிதானே?” என்று கேட்பது நம் வழக்கம். அந்த ‘தானே’ பதிலையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மரியாதை தெரிந்த எவரும் அதற்கு “சரிதான் சார்” என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “எதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிறீர்கள்?”, “இன்று இரவு எந்த இடத்தை நான் கவனமாகப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். குறை இருப்பது இயல்பு என்று கேள்வியே ஒப்புக்கொள்வதால், சொல்பவருக்குத் தயக்கம் குறையும். முதல் சில நாட்கள் “ஒன்றுமில்லை” என்றே பதில் வரும். கேட்பதை நிறுத்தாதீர்கள். ஷிப்ட் மாற்றத்திற்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கி, இருவரும் இயந்திரத்தின் அருகிலேயே நின்று பேசும்படி செய்யுங்கள். கம்பெனிப் பேருந்து ஆறு மணி ஐந்து நிமிடத்திற்குப் புறப்படுமானால் இது நடக்காது. முதலில் பேருந்தின் நேரத்தை மாற்றக் கேட்டுப் போராடுங்கள்.

புகார் குறைவது நல்ல அறிகுறியா?

1990களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அவற்றில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருப்பது தெரிந்தது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறுகளைப் பேசத் தயங்கவில்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். பேசினால் அவமானமோ தண்டனையோ வராது என்று உறுப்பினர்கள் பொதுவாக நம்பும் நிலையை ‘உளவியல் பாதுகாப்பு’ என்று குறிப்பிட்டு, 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படையாகக் கருதப்படுகிறது.

இதை நம் வேலைக்குப் பொருத்திப் பார்த்தால், ‘இம்மாதம் புகார் ஏதுமில்லை’ என்ற அறிக்கையைக் கண்டு மகிழ்வதற்கு முன் யோசிக்க வேண்டும். என் குழுவில் மாற்றங்களைத் தொடங்கிய பிறகு, மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளின் பதிவு ஏறியது. மேலிடம் கவலைப்பட்டது. இந்த ஏற்றம் வரும் என்பதை முன்பே உங்கள் மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி வழியில் முயற்சியை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.

தகவலைப் பெறுபவரும் தண்டிப்பவரும் ஒருவராகவே இருப்பது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் மற்றப் பணியாளர்களும் தங்கள் பிழைகளைத் தாமாகவே தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்று இயங்குகிறது. அதை நடத்துவது உரிமங்களைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட விமானப் போக்குவரத்து அமைப்பு அல்ல, நாசா. தெரிவித்தவரின் அடையாளத்தை நீக்கிய பிறகே விவரங்கள் பயன்படுத்தப்படுகின்றன. சிறிய நிறுவனத்தில் இந்த அளவுக்குச் செய்ய முடியாதுதான். ஆனாலும், ஆண்டு மதிப்பீடு எழுதாத ஒரு மூத்த பணியாளரை, குழுவினரே தேர்ந்தெடுத்தவரை, முதலில் தகவல் பெறுபவராக வைக்கலாம். ஆலோசனைப் பெட்டியை நான் பரிந்துரைப்பதில்லை. பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் எல்லோருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் தெரியும்.

யார் பேசாமல் இருக்கிறார்கள்?

கூட்டத்தில் எப்போதும் பேசும் நால்வரைப் பார்த்து, குழு வெளிப்படையாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடைசி வரிசையில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளரையும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தமிழ் பாதி புரிந்தும் புரியாமலும் நிற்பவரையும், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பெண்ணையும் கவனியுங்கள். ஆபத்துக்கு மிக அருகில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மிகக் குறைவாகப் பேசுபவர்களும் இவர்களே. உங்கள் வயதுக்கு மூத்த ஆபரேட்டரை நீங்கள் ‘நீ, வா, போ’ என்று அழைத்தால், அவர் உங்கள் தவறைச் சுட்டிக்காட்டுவார் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடின்றி அனைவரையும் ‘நீங்கள்’ என்று அழையுங்கள். ‘கான்ட்ராக்ட் ஆளு’ என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு இது கைவரப் பல வாரங்கள் ஆயின.

பலரும் எழுதத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் புதிதாக வந்தவரிடம் “எந்த ஊர்?” என்று கேட்டு, பிறகு “ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்டால், அது சாதியை அறியும் கேள்வி என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்வி எழும் குழுவில், பாதிப் பேர் வாயைத் திறப்பதற்கு முன் பத்து முறை யோசிப்பார்கள். குழுத் தலைவர் அதை ஒருபோதும் கேட்கக் கூடாது. பிறர் கேட்கும்போது பேச்சை மாற்றி விலகிவிடாமல், வேண்டாம் என்று அங்கேயே சொல்ல வேண்டும். யார் யாருடன் அமர்ந்து சாப்பிடுகிறார்கள், டீ வாங்கி வரும் வேலை எப்போதும் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்து, அந்த வேலையை முறைவைத்து மாற்றுங்கள்.

விடுப்பில் தொடங்கலாம்

வெளிப்படையான பேச்சைப் பழக்குவதற்கு விடுப்புக் கடிதம் மிக எளிய இடம். கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கூட ‘காய்ச்சல்’ என்று எழுதித் தருகிறார் என்றால், உண்மைக் காரணத்துக்கு உங்களிடம் மதிப்பில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று பொருள். 2015 வெள்ளத்தையும் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலையும் கண்ட ஊர்க்காரர்கள் நாம். மழைக்காலம் தொடங்குமுன் குழுவை உட்கார வைத்து, யார் வீடு தாழ்வான பகுதியில் இருக்கிறது, யாரால் எந்தச் சாலையைக் கடந்து வர முடியாது, யார் யாருக்குப் பதிலாக வர முடியும் என்று பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை நம்பி ஒருவர் “தண்ணீர் வந்துவிட்டது, இன்று வர முடியாது” என்று அழைக்கும்போது, சந்தேகக் கேள்வி எதுவும் கேட்காதீர்கள். ஒருவரோ இருவரோ இதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும். அவர்களுக்காக மற்ற அனைவரையும் பொய் சொல்ல வைப்பது பெரிய நட்டம்.

எதை மன்னிப்பது, எதை மன்னிக்கக் கூடாது

வெளிப்படையாக இருப்பது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடுவது அல்ல. கைதவறி நேர்ந்த பிழைக்குத் தண்டனை கூடாது. அதே இடத்தில் அடுத்தவரும் தவறுவார் என்றால் ஏற்பாட்டைத் திருத்த வேண்டும். அவசரத்தில் விதியைத் தாண்டும் பழக்கத்துக்கு, ஏன் அந்த அவசரம் வந்தது என்று கேட்டு அறிவுரை சொல்ல வேண்டும். தெரிந்தே பிறரை ஆபத்தில் தள்ளியவர் மீதும், நடந்ததை மறைக்கப் பொய்ப் பதிவு செய்தவர் மீதும் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இந்த மூன்று பிரிவுகளையும் எதுவும் நடக்காத ஓர் அமைதியான நாளில் குழுவிடம் விளக்குங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாரைக் குழுத் தலைவர் சமாதானம் பேசி முடித்துவைக்க முயலவே கூடாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, புகார் அங்கேதான் செல்ல வேண்டும்.

கேட்டதற்குப் பதில்

சொன்ன குறைக்கு என்ன ஆனது என்று தெரியாவிட்டால், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். கேன்டீன் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தேன். என்ன சொல்லப்பட்டது, யார் கவனிக்கிறார்கள், எந்தத் தேதிக்குள் என்று மூன்று பத்திகள். முடியாதவற்றை அழிக்காமல், ‘இந்த ஆண்டு பணம் ஒதுக்கப்படவில்லை’ என்பது போன்ற உண்மைக் காரணத்தை அருகில் எழுதினேன். ‘முடியாது’ என்ற பதிலை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள்; பதிலே வராததைத்தான் தாங்க மாட்டார்கள். அந்தப் பலகையில் நான் எழுதிய முதல் வரி, ஹோஸ் விவகாரத்தில் நான் கொடுத்த மெமோ தவறு, அது திரும்பப் பெறப்பட்டது என்பதுதான். சம்பந்தப்பட்டவரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்து, அவர் சம்மதத்தைக் கேட்ட பிறகே அதை எழுதினேன். நீங்களும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து, ஒரு காலையில் லாக் புத்தகத்தில் மூன்று மணிக்கான கட்டம் காலியாக இருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘பாய்லர் பக்கம் போயிருந்தேன், ரீடிங் எடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு காலிக் கட்டம் உங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும். அதன் ஓரத்தில் கையெழுத்திடுங்கள். எழுதியவரிடம் விளக்கம் எதுவும் கேட்காதீர்கள். இரவு ஷிப்டுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்ற கடிதத்தை அன்றைக்கே மேலிடத்துக்கு அனுப்புங்கள்.