நீலகிரியில் சிறுதொழில் ஆலோசகராவது எப்படி

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்தில் படித்து முடித்த பிள்ளைகள் பெரும்பாலும் மலையிறங்கிக் கோவைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுகிறார்கள். போகாமல் இங்கேயே இருக்க விரும்புகிறவர்களில், கணக்கும் பொறுமையும் கைவந்தவர்கள் செய்யத்தக்க தொழில் ஒன்று உண்டு: சிறு, நடுத்தரத் தொழில் நடத்துவோர் அருகில் அமர்ந்து, அவர்களுடைய தொழில் வளர வழி சொல்லும் ஆலோசகர் தொழில். இதைச் சில ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாருக்காக இந்த வேலை என்பதில் தெளிவு வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடி ரூபாயையும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயையும் தாண்டாத நிறுவனம் குறுந்தொழில். 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் வரை சிறுதொழில். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரத் தொழில். நீங்கள் இந்த மலையில் படியேறப்போகும் இடங்களில் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் குறுந்தொழில்களே: வர்க்கி அடுமனை, சாக்லேட் கடை, தைலம் காய்ச்சுமிடம், நான்கு அறை ஹோம்ஸ்டே, கேரட் கழுவி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடுகிறவர், கம்பளி ஆடை விற்கிறவர். விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தனியார் ஃபேக்டரி மட்டும் சற்றுப் பெரியது. அதன் கணக்கு குன்னூர் ஏலம், புரோக்கர், விறகு, மின்சாரம் என்று பல பக்கம் கிளைப்பதால், தொடக்கக்காரர் அங்கே வேலை கற்கப் போகலாமே தவிர, ஆலோசனை சொல்லப் போகக் கூடாது.

பட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பி.காம். போதும், எம்.பி.ஏ. இருந்தால் கெடுதல் இல்லை. அதைவிட, ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து பிறருடைய பில்களை அடுக்கிப் பதிவு செய்த அனுபவம் பெரிது. தணிக்கையில் கையெழுத்திடும் உரிமை சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுக்கு மட்டுமே உண்டு என்பதால், நம்பகமான ஒருவரை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலையை நீங்கள் செய்வதாக யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இனி, இந்தத் தொழிலின் உயிர்நாடிக்கு வருகிறேன். ஒரு கடைக்குள் நுழைந்ததும் லாபம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். எந்த மாதத்தில் பணம் வருகிறது, எந்த மாதத்தில் போகிறது என்று கேளுங்கள். நீளமான கணக்கு நோட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஏப்ரல் தொடங்கி மார்ச் வரை, ஒவ்வொரு மாதமும் கையில் நிற்கும் தொகையை உரிமையாளர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள். சமவெளித் தொழிலுக்கு ஆண்டுக் கணக்கு ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். மலையில் அது பாதியை மறைத்துவிடும். ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை முதல் சீசன், பிறகு தென்மேற்குப் பருவமழை, செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன், டிசம்பர், ஜனவரியில் உறைபனி என்று இங்கே ஆண்டே துண்டு துண்டாகத்தான் வருகிறது. சுற்றுலாவோடு சம்பந்தமே இல்லாத ஹட்டி (படுகர் ஊர்) மளிகைக் கடைக்கும் இதேபோல் ஒரு தாளம் உண்டு. அங்கே பச்சைத் தேயிலைக்கான பணம் கைக்கு வரும் நாளை நம்பியே பற்று எழுதப்படுகிறது.

சாக்லேட் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உதகையில் நான் முதன்முதலில் கணக்கு பார்த்த கடைக்காரர், "சீசன்ல நல்லாத்தான் ஓடுதுங்க தம்பி, அப்புறம் காசு எங்க போகுதுன்னே தெரியல" என்றார். பில்புக் சுத்தமாக இருந்தது. கொள்முதல் பில்லும் இருந்தது. மூன்றாம் நாள்தான், கல்லாவின் ஓரத்தில் செருகியிருந்த ஒரு சிறிய டைரியைப் பார்த்தேன். அதில் வரிசையாக வண்டி எண்கள், எதிரே தொகைகள். சுற்றுலாப் பயணிகளைக் கடை வாசலில் இறக்கிவிடும் ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் கமிஷன் அது. அந்தச் செலவு வேறெந்தக் கணக்கிலும் இல்லை.

அந்தக் கடையின் எண்களைச் சொல்லாமல், கணக்கு புரியும்படி வேறு எண்களை வைத்துப் பார்க்கலாம். கிலோ 800 ரூபாய்க்கு விற்கிறது. காம்பவுண்ட் சாக்லேட் பாளமும் முந்திரி, பாதாமும் சேர்ந்து 380, பெட்டியும் தாளும் 50, கூலியும் மின்சாரமும் 90, ஓட்டுநர் கமிஷன் 20 சதவீதம், அதாவது 160. வரியைத் தற்போதைக்கு ஒதுக்கிவைத்தால், மிஞ்சுவது 120 ரூபாய். கடை வாடகை மாதம் 45,000 என்றால், வாடகைக்கு மட்டுமே 375 கிலோ விற்றாக வேண்டும். மே மாதத்தில் 900 கிலோ விற்றால் வாடகை போக 63,000 நிற்கும். ஜூலையில் 150 கிலோதான் விற்கிறது என்றால் 27,000 துண்டு விழும். உரிமையாளரோ இரண்டாவது கடை திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். அதே சரக்கை, முன்பு வந்து வாங்கிப் போன வாடிக்கையாளருக்குக் கூரியர் கட்டணத்தை அவரே ஏற்கும்படி அனுப்பினால், ஓட்டுநர் கமிஷன் இல்லாததால் கிலோவுக்கு 280 நிற்கும். மழை மாதத்தில் 100 கிலோ அப்படிப் போனால் 28,000. ஜூலையின் பள்ளம் நிரம்பிவிடுகிறது. அதற்கு வேண்டியதெல்லாம், மே மாதக் கூட்டத்தில் வாடிக்கையாளரின் ஒப்புதலோடு பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கும் ஒரு நோட்டுதான்.

இங்கேதான் ஆலோசகர் என்ற பெயருக்குத் தகுதி வேண்டியிருக்கிறது. அந்தக் கடை ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் இருந்தால், அதாவது 1.5 கோடிக்குள் விற்றுமுதல் வைத்து 1 சதவீத வரி கட்டி வந்தால், வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்ப வேண்டுமானாலும் வழக்கமான முறைக்கு மாற வேண்டும். ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தொடாததால் பதிவே செய்யாத கடையும், வேறு மாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் பதிவு செய்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டதாலும், வழக்கமான முறையில், சரக்கு வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதாலும், முன்பு அச்சமூட்டிய இந்த மாற்றம் இப்போது பலருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் மாதந்தோறும் கணக்கு எழுத ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தையும் உங்கள் பன்னிரண்டு கட்டத்தில் போட்டுப் பார்த்த பிறகே "மாறுங்கள்" என்று சொல்லுங்கள்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவருக்கு மூன்று அறைகள் கூடுதலாகக் கட்ட வங்கிக் கடன் வாங்க உதவினேன். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதத் தவணை எளிதாகக் கட்டிவிடலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதியதும் நான்தான். 2019 ஆகஸ்டு வந்தது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது; முன்பதிவு செய்தவர்கள் வரிசையாக ரத்து செய்தார்கள்; அந்த மாதத் தவணைக்கு அக்கா தம் வளையல்களை அடகு வைத்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் தயாரிக்கும் எந்தத் திட்ட அறிக்கையிலும், சீசன் மாதங்களில் கூடுதலாகவும் மழை மாதங்களில் குறைவாகவும் தவணை அமையும்படி விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுகிறேன். எல்லாக் கிளைகளும் ஒப்புக்கொள்வதில்லை. கேட்காவிட்டால் ஒரு கிளையும் தருவதில்லை.

கூட்டம் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையிலும் இப்போது திட்டம் போட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வாரயிறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. ஆகவே, வருகிற ஒருவரிடம் கூடுதலாக விற்பதற்கும், மலைக்கு வெளியே விற்பதற்கும் வழி தேடுவதே இனி உங்கள் வேலையின் பெரும்பகுதியாக இருக்கும்.

காகித வேலைகளில் முதலில், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. ஆதாரை வைத்து இணையத்தில் செய்யும் இந்தப் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இதற்குப் பணம் வாங்குகிற இடைத்தரகர்களோடு உங்களை யாரும் சேர்த்து எண்ணும்படி நடந்துகொள்ளாதீர்கள். பதிவின் அருமை பாக்கி வசூலில் தெரியும். குறு, சிறு நிறுவனம் ஒன்றிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. பெரிய ரிசார்ட்டுக்கு ரொட்டி கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் அடுமனைக்கு இது பெரிய ஆயுதம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கடன் என்று வரும்போது, கூடலூரும் குன்னூரும் ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர் பகுதியில் 1969ஆம் ஆண்டு ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் உரிமை முடிவாகாமல் சிக்கிய நிலங்கள் ஏராளம். பல தலைமுறையாகக் குடியிருந்தாலும் கையில் பட்டா இல்லாதவர் நிலத்தை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. அங்கே கடனை நினைத்தால், சொத்து ஈடு கேட்காமல் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் தரும் கிளை எது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கட்டடம் என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். அனுமதி கிடைக்குமா என்று தெரியாமல் அறை கட்ட யோசனை சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதற்குச் சமம். உதகையிலுள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய் வாருங்கள். மானியத் திட்டங்களை எடுத்துச் சொல்லும்போது, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக நிற்கும், கையில் பணமாக வராது என்பதைக் குடும்பத்தினர் எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள்.

பெயரையும் அட்டையையும் பற்றி ஒரு வார்த்தை. புவிசார் குறியீடு பெற்றிருப்பது நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலை. உள்ளே, இலையை இயந்திரத்தில் நொறுக்கிச் செய்யும் சிடிசி தூளை வைத்துக்கொண்டு அந்தக் குறியீட்டை அச்சடிக்கக் கூடாது. 2013இல் குறியீடு பெற்ற தோடர் பூ வேலைப்பாட்டுக்கும் அதே கண்டிப்புதான். இயந்திரத்தில் தைத்த சால்வையை அந்தப் பெயரில் விற்கச் சொல்லும் "மார்க்கெட்டிங் யோசனை"க்கு நீங்கள் துணை போகக் கூடாது. நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை அட்டையில் இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிளாஸ்டிக் விஷயத்தில் இந்த மாவட்டம் மற்ற இடங்களைவிடக் கறார் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். வெளியூர் உறை வியாபாரியின் பேச்சைக் கேட்டுப் பிளாஸ்டிக் உறைகளை மொத்தமாக வாங்கிவிட்டால் அவை கிட்டங்கியிலேயே கிடக்கும்.

கட்டணத்தை எப்படி வாங்குவது? கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று வாங்காதீர்கள். அப்படி வாங்குகிறவருக்கு, கடன் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. இந்த வேலையிலோ பாதி நாட்கள் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மாதக் கட்டத்தை முடித்துக் கொடுக்க ஒரு தொகை, பிறகு மாதம் ஒரு நாள் வந்து பார்க்க ஒரு தொகை என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீசன் வருமானக்காரரிடம் உங்கள் கட்டணத்தையும் மே மாதத்திலும் அக்டோபரிலும் வாங்கிக்கொள்வது நியாயம். முதல் இரண்டு ஆண்டுகள் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. காலையில் ஆடிட்டர் அலுவலகம், மாலையில் இந்த வேலை என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஒரே தெருவில் ஒரே தொழில் செய்யும் இரண்டு பேருக்கு ஆலோசகராக இருக்க வேண்டாம். சிறிய ஊரில், ஒருவர் கடையின் கொள்முதல் விலை மற்றவர் காதுக்குப் போய்விட்டதென்றால், யார் சொன்னதாக இருந்தாலும் உங்கள் பெயர்தான் அடிபடும்.

முதல் கதவைத் தட்ட நவம்பர் பாதிக்கு மேல் போங்கள். இரண்டாம் சீசன் முடிந்திருக்கும், தீபாவளி வியாபாரமும் ஓய்ந்திருக்கும், கடைக்காரர் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்று நாள் கூடவே இருந்து பில்களைப் புரட்ட விடுவார். மார்ச்சுக்குள் கட்டத்தை முடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஏப்ரல் பிறந்துவிட்டால் அவருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமிருக்காது. அப்போது நீங்கள் போனால், பெட்டி கட்ட ஓர் ஆள் கூடுதலாக வந்ததாகத்தான் நினைப்பார்.