பொட்டலம் கிடைத்த ராத்திரியும் அதற்குப் பிறகும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட ஜீப் கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்தப் பாதையில் மலையேறினாலும் காயெடுத்துவிட்டுத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியாது. அதனால் பிள்ளையின் போதைப் பழக்கம் வெளியே வருவது பெரும்பாலும் துணி துவைக்கும்போதுதான். பேன்ட் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், இல்லையென்றால் பேர் தெரியாத மாத்திரை அட்டை.

அந்த ராத்திரியே பஞ்சாயத்து வைப்பதுதான் முதல் தவறு. அப்பா பெல்ட்டை எடுக்க, மாமா வந்து கன்னத்தில் அறைய, பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும். போதையில் இருப்பவனிடம் சொன்னது எதுவும் மறுநாள் அவன் நினைவில் நிற்காது. அடியும் அவமானமும் மட்டும் நிற்கும். காலையில், தெளிந்த பிறகு, ஒரே ஒருவர் உட்கார்ந்து பேசினால் போதும். "யார் குடுத்தான்?" என்று ஆரம்பித்தால் வாயே திறக்க மாட்டான். "ராத்திரி தூக்கம் வருதா, சாப்பிடுறியா" என்று தொடங்குங்கள்.

பஞ்சர் சொலுஷன், ஒயிட்னர், தின்னர் மோந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கையும் களவுமாகப் பார்த்தால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்தப் புகை உடம்பில் இருக்கும்போது திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். முதல் தடவை மோந்தவனுக்கும் இது நடக்கும். மெதுவாகப் பேசி, டப்பாவை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மாத்திரை போட்டவன் எழுப்பினாலும் எழாமல் குறட்டை விட்டால் "தூங்கித் தெளியட்டும்" என்று விட்டுவிடக் கூடாது. மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கேரளத்திலும் அதே எண்தான்.

அடுத்தது, இடம் மாற்றுவது. திருப்பூரில் சித்தப்பா வீடு, கட்டப்பனையில் அத்தை வீடு. பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டால் பழக்கம் இங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறோம். போன ஊரிலும் அது கிடைக்கும், அங்கே அவனைக் கவனிக்கத் தாய் மட்டும் இருக்க மாட்டாள். கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான் என்று பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பெண் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். 21 ஆகாமல் அது சட்டத்துக்கே விரோதம், அதோடு இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும்.

மாலை போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சபரிமலைக்குப் போகிற சாமிகள் குமுளி வழியாகக் கடக்கிற ஊர்கள் இவை. கார்த்திகை பிறந்தால் பையனுக்கும் மாலை போட்டுவிடுவார்கள். பலர் 41 நாளும் சுத்தமாக இருப்பார்கள். நான் இதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஒரு மண்டலம் பெரிய வாய்ப்பு. தெளிந்த மூளை, பக்கத்தில் குருசாமி, நேரத்துக்குச் சாப்பாடு. ஆனால் அந்த நாட்களில் டாக்டரைப் பார்க்காமல் "சாமி பார்த்துக்கும்" என்று விட்டுவிட்டு, மாலை கழற்றிய மறுநாள் பழைய கூட்டாளிகளோடு அனுப்பிவிடுகிறோம். வலி மாத்திரையோ ஊசியோ எடுத்த பையனுக்கு இதில் உயிராபத்தே இருக்கிறது. இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும்.

தூக்க மாத்திரையோ மதுவோ தினமும் எடுத்துவந்தவனை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்துதான், வலிப்பு வரலாம். கஞ்சாவில் அந்தப் பயம் குறைவு. எரிச்சல், தூக்கமின்மை, சோற்றைக் கண்டால் வெறுப்பு என்று இரண்டு வாரம் வீட்டைப் படுத்துவான். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

மெடிக்கலில் கிட் வாங்கிச் சிறுநீர் சோதனை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தினமும் கஞ்சா இழுத்தவனுக்கு நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் அது 'இருக்கிறது' என்றே காட்டலாம். டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைச் சாதாரண கிட் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. ஆக, நிறுத்தியவன் மாட்டுவான், நிறுத்தாதவன் தப்பிப்பான்.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் ரகசிய மருந்து வேண்டவே வேண்டாம். மறுவாழ்வு இல்லம் என்று போர்டு மாட்டிய இடத்துக்கெல்லாம் பிள்ளையை ஒப்படைக்கவும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். "மூணு மாசம் யாரும் பார்க்க வரக் கூடாது" என்று ஓர் இடத்தில் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனால் போலீஸ் வருமோ என்ற பயமும் நிறையப் பேருக்கு உண்டு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர்கூடத் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. "அவன் வர மாட்டேங்குறான், நான் மட்டும் போய் என்ன பண்ண?" என்று தாய் வீட்டிலேயே இருந்துவிடுவது. போகலாம், போக வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பங்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எப்படிப் பேசுவது, எப்போது விலகுவது என்று குடும்பத்தாருக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்தபோது, சிகிச்சையை மறுத்துவந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் வந்தார்கள். உறவெல்லாம் கூடி நெருக்கிப் பிடித்த வழியில் 30 பேர்தான். அங்கே சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவன் தெளிவாக இருக்கிற பொழுதில் கூட உட்கார்ந்து சாப்பிடுவது, போதையில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வது, அவன் செய்த வினையின் விளைவை நாம் சுமக்காமல் இருப்பது. அப்பாவுக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்துவைத்து நீட்டுகிற நூறு ரூபாயை நிறுத்துங்கள். சோற்றை நிறுத்தாதீர்கள்.

கூட்டம் போடுகிற நமக்கும் தவறு உண்டு. பள்ளியில் காலை 11 மணிக்கு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? வர வேண்டியவர்கள் மலையில் இருக்கிறார்கள். மண்டை ஓட்டுப் படம் போட்ட பேனரைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள். மாட்டிய பையனை மேடையேற்றுவதும், வாட்ஸப்பில் பேர் போடுவதும் அவன் படிப்பை நிறுத்துவதில்தான் முடியும். எல்லைக்கு அந்தப்பக்கம், பீர்மேடு எஸ்டேட் லயங்களில், மலையாளத்தில் கூட்டம் நடந்தால் நம் பெண்கள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

கூப்பிட எண்கள்: போதையிலிருந்து மீள உதவிக்கு நாடு முழுவதற்கும் 14446, மனநல ஆலோசனைக்கு 14416, கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்திக்கு 14405. இவற்றைக் கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் சேர்த்து ஜீப் டிரைவரிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். கூட்டத்தை ராத்திரி ஏழரைக்கு மேல் வையுங்கள், ஜீப் இறங்கி, குளித்து, உலை வைத்துவிட்டு வரட்டும்.