தேரையையும் பாசியையும் ஒரே அட்டவணையில் போடுவது எப்படி?

திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்கு, ஆபத்திலுள்ள ஓர் ஈரூடகவாழியையும் ஒரு பாசியையும் (அல்கா அல்ல, moss) ஒப்பிடும் செயற்றிட்டம் கிடைத்தால் உடனே “எது எத்தனை மிச்சம்?” என்று தேடத் தொடங்குவார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் இரண்டு இனங்களைத் தெரிவு செய்யுங்கள். தேரைக்கு நம்முடைய கண்டிக் குள்ளத் தேரை: 1872இல் விவரிக்கப்பட்டது, 2004இல் அழிந்ததாக அறிவித்தார்கள், 2012இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடி கிடைத்த செய்தி வந்தது. பாசிக்கு தாம்னோபிரையம் அங்குஸ்டிபோலியம். இங்கிலாந்தின் டார்பிஷயரில், ஒரேயொரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கில், சில சதுர மீற்றர் மட்டும்.

சரி, இப்போது “ஒன்று” என்றால் என்ன என்று கேளுங்கள். தேரையில் இனம்பெருக்கும் வயதுக்கு வந்த ஒவ்வொன்றும் ஒன்று, அதில் குழப்பமில்லை. பாசி மெத்தைக்குள் எங்கே ஒரு செடி முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று யார் பிரிப்பது? அதனால் தரையில் படர்வதற்கு ஒரு சதுர மீற்றரையும், மரத்தில் படர்வதற்கு ஒரு மரத்தையும் ஓர் உயிரியாகக் கணக்கில் எடுப்பது வழக்கம். ஆகவே, இனங்களை ஆபத்தின் அளவுப்படி தரம் பிரிக்கும் IUCN சிவப்புப் பட்டியலில், மிக மோசமான ஆபத்து நிலைக்கு வைத்திருக்கும் “முதிர்ந்த உயிரிகள் 50க்கும் குறைவு” என்ற வரம்பு இரண்டுக்கும் ஒரே அர்த்தம் தராது. இதற்குத் தனி வரி ஒதுக்குங்கள், புள்ளி இங்கேதான் இருக்கிறது. பரப்பும் அப்படித்தான்: 2 கிலோமீற்றர்ச் சதுரக் கட்டங்களால் அளப்பதால், பாய் அளவுள்ள பாசியும் 4 சதுர கிலோமீற்றர் ஆகிவிடும்.

அப்புறம் உடல். தேரை தோலால் நீரை உறிஞ்சும். பாசிக்கு உண்மையான வேர் இல்லை, இலை பெரும்பாலும் ஒரே கல அடுக்கு. இரண்டும் சுற்றியிருக்கும் நீரிலுள்ள அழுக்கை நேரே வாங்கிக்கொள்ளும். ஆனால் காய்ந்தால் கதை வேறு. வெயிலில் கருகிக் கிடக்கும் மதில் பாசியில் தண்ணீர் தெளித்துக் கைவில்லையால் பாருங்கள், சுருண்ட இலைகள் கண் முன்னே விரியும். (சுரண்டி எடுக்காதீர்கள், போட்டோ போதும்.) தேரை காய்ந்தால் காய்ந்ததுதான். அதற்காக எல்லாப் பாசியும் இப்படித் தப்பும் என்று எழுதிவிடாதீர்கள். டார்பிஷயர்ப் பாசி ஓடும் நீரை நம்பி வாழ்வது, அந்த ஓடை கெட்டால் போக வேறு இடமில்லை.

கடைசியாகச் சதவீதம். ஈரூடகவாழிகளில் 40.7% ஆபத்தில் என்ற 2023 கணக்கு உலகம் முழுதுக்கும், 8,011 இனங்களை மதிப்பிட்டது. பாசி வகைகளுக்குக் கிடைக்கும் 22.5% என்பது 2019இல் ஐரோப்பாவுக்கு மட்டும், அதுவும் பாசிகளின் உறவான ஈரலுருத் தாவரங்களையும் (liverworts) சேர்த்து. உலகப் பாசிகளில் பெரும்பகுதியை இன்னும் யாரும் மதிப்பிடவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சலாகை வரைபு கீறி, பாசிக்கு ஆபத்து குறைவு என்று முடித்தால் அந்தப் பக்கம் முழுக்கப் பிழை.