கடல்நீர்த் தொட்டியில் இறாலும் குட்டி மீனும்: சண்டை வராமல் சேர்ப்பது எப்படி?

உப்புநீர்த் தொட்டி புதிதாக வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஜோடி கிளவுன் மீன், சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் கிளீனர் இறால் ஒன்று என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு வாரம் பிரச்சினையே இருக்காது. பிறகு ஒரு காலையில் இறாலின் மீசை ஒரு பக்கம் அறுந்து கிடக்கும், இல்லையென்றால் குட்டி மீன் ஒன்றைக் காணோம். "இறால் தின்றுவிட்டது", "மீன் கடித்துவிட்டது" என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுவோம். ஒளிய இடம் போதாதது, இரை போதாதது, இறால் ஓடு கழற்றிய இரவு: முக்கால்வாசிச் சண்டைக்குக் காரணம் இந்த மூன்றில் ஒன்றுதான். மீதிக்குக் காரணம், சேர்க்கவே கூடாததைச் சேர்த்தது.

கீழே சொல்லும் அளவெல்லாம் 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரத் தொட்டிக்கு. விளிம்பு வரை கணக்குப் போட்டால் 190 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக ஏறக்குறைய 150 லிட்டர் நிற்கும். 2 அடித் தொட்டி என்றால் உயிரினங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

படி 1: தண்ணீர்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் போர் தண்ணீர் நல்ல கடினநீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விவகாரம். எனவே போர் தண்ணீரில் உப்பைக் கலக்கும் பேச்சே வேண்டாம். ஆர்ஓ தண்ணீர்தான்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. "காப்பர்" என்று விளம்பரம் செய்து விற்கும் குடிநீர் மெஷின்கள் இன்று பல வீடுகளில் மாட்டியிருக்கின்றன. அந்தத் தண்ணீர் நமக்கு ஒன்றும் செய்யாது. இறால், நத்தை, சிப்பி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே விஷம். மீன் ஜம்மென்று நீந்திக்கொண்டிருக்கும், இறால் மட்டும் இரண்டே நாளில் செத்துப்போகும். பழி மீன் மேல் விழும். செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரும் இதே கதைதான். மெம்பிரேனுக்கு அடுத்து, காப்பர் அல்லது மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு டீ ஜாயின்ட் போட்டுத் தண்ணீர் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சர்வீஸ்காரருக்குப் பத்து நிமிட வேலை. அதோடு, மிச்சமிருக்கும் உப்பையும் வடிக்கும் டிஐ ரெசின் குழாய் ஒன்றும் சேர்த்து, டிடிஎஸ் மீட்டரில் 0 முதல் 5-க்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

20 லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு ஏறக்குறைய 700 கிராம் கடல் உப்புக் கலவை பிடிக்கும். பிராண்டுக்குப் பிராண்டு கொஞ்சம் மாறும். சமையல் உப்போ கல் உப்போ ஆகாது, அதில் கால்சியமும் மக்னீசியமும் போதிய அளவில் கிடையாது, இறால் ஓடு கட்ட இரண்டும் வேண்டும். வாளியில் சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் சுழலவிட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டியதும் பயன்படுத்துங்கள். வெப்பம் 25–26 டிகிரி, பிஹெச் 8.1–8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாக 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள். தொட்டி சைக்கிள் ஆக, அதாவது கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர, நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இறாலுக்கு அதற்கு மேலும் இரண்டு வாரம் பொறுங்கள்.

மே மாதத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது தொட்டி நீர் 30-ஐத் தாண்டிவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்குப் பசியும் எரிச்சலும் கூடும், இறால் அடிக்கடி ஓடு கழற்றும். சண்டைக்கு எல்லாப் பொருத்தமும் கூடி வரும் மாதம் அது. நீர்ப்பரப்பின் குறுக்கே காற்றடிக்கும்படி இரண்டு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் வைத்தால் 2–3 டிகிரி இறங்கும். பதிலுக்குத் தினமும் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது என்பதால், குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் உதவ பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

படி 2: யாரோடு யார்

கிளீனர் இறால், பெப்பர்மின்ட் இறால், ரத்தச் சிவப்பில் வரும் ஃபயர் இறால் மூன்றும் சாது. இவற்றோடு மீன்களில் ஒரு ஜோடி கிளவுன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு கோபி, ஒரு ராயல் கிராமா வைத்தால் இந்த அளவுத் தொட்டிக்குப் போதும்.

கிளீனர் இறாலை ஒன்று வாங்குங்கள், அல்லது இரண்டு. மூன்று வேண்டாம். ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இயங்கக்கூடியவை, எனவே எந்த இரண்டும் ஜோடியாகும். மூன்று நான்கு விட்டால், எது ஓடு கழற்றி மென்மையாக இருக்கிறதோ அதை மற்றவை தாக்கி, கடைசியில் ஜோடி மட்டும் மிஞ்சும்.

சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நீளக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பாக்ஸர் இறால் பார்க்க அழகுதான். ஆனால் ஜோடி சேராத இரண்டை விட்டால் ஒன்று சாகும். மற்ற இறால் வகைகளையும் விரட்டும். இரவில் மணலோரம் தூங்கும் சின்ன கோபியைக் கொடுக்கால் பிடித்துவிடும். புதியவர்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்று, வேறு இறால் எதுவும் இல்லாமல், 5 செ.மீ.க்கு மேற்பட்ட மீன்களோடு மட்டும்.

மறுபக்கம், இறாலைத் தின்னும் மீன்கள்: ஹாக்ஃபிஷ், ட்ரிகர், பஃபர், லயன்ஃபிஷ், க்ரூப்பர். இவற்றைப் பழக்கப்படுத்த முடியாது, இரை என்றால் இரைதான். சிக்ஸ்லைன் ராஸ் சின்னதாக இருக்கும்போது சமத்தாக இருக்கும், இடம் பழகியதும் சிறிய இறால்களைத் துரத்தும். இரண்டரை செ.மீ. கூட வராத செக்ஸி இறாலை அதோடு விடவே கூடாது. விலை குறைவு என்று கடையில் தள்ளிவிடும் நீல டாம்செல், முதலில் குடிவந்தவன் வீட்டுக்காரன் போலத் தொட்டி முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும். தொட்டியைச் சைக்கிள் செய்ய அதை விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிறகு பிடிக்கவும் முடியாது.

பிஸ்டல் இறாலும் வாட்ச்மேன் கோபியும் ஒரே குழியில் குடியிருப்பது உண்மை. இறால் குழி தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். ஆனால் அதே தொட்டியில் கிளீனர் இறால் அந்த வாசல் பக்கம் போனால் ஒரு 'டக்' சத்தம் கேட்கும். கண்ணாடி விரிசல் விட்டதோ என்று பயப்பட வேண்டாம், பிஸ்டல் கொடுக்கை அடிக்கும் சத்தம் அது. குழியைத் தொட்டியின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டால் இருவரும் ஒத்துப்போவார்கள்.

படி 3: கல் அடுக்குவது

கடலிலிருந்து எடுத்த பவளக் கல் வேண்டாம். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. செயற்கையாகச் செய்த துளையுள்ள ரீஃப் கல் 12 முதல் 15 கிலோ போதும்.

ஒரே மலையாகக் குவிக்காமல் இரண்டு தீவாக, நடுவில் ஒரு அடி இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒரே குவியல் என்றால் எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே வாசல். கிளீனர் இறால் குகையின் கூரையில் தலைகீழாகத் தொங்க விரும்பும், அதனால் தட்டையான கல் ஒன்றை 5 செ.மீ. உயரத்தில் கூரைபோல நீட்டிவிடுங்கள். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் கட்டாயம். ஒரு வாசல் மட்டும் இருந்தால் துரத்தப்பட்ட இறால் உள்ளே மாட்டிக்கொள்ளும். 1 அங்குல பிவிசி பைப்பை 4 அங்குலத் துண்டாக வெட்டி, கல்லுக்குப் பின்னால் நான்கைந்து செருகுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஓடு கழற்றும் இரவில் இறால் தேடிப் போவது அதைத்தான். ஃபயர்ஃபிஷ் விரட்டப்பட்டால் மேலே குதிக்கும், தொட்டி மேல் வலை மூடி போடுங்கள்.

படி 4: வாங்கி வந்து விடுவது

நம் பக்கத்துக்குக் கடல் மீன் வாங்கச் சென்னை கொளத்தூர்தான் வழக்கமான இடம். கடையில் இறாலுக்கு ஒரு துண்டு தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து பிடிக்க வேண்டும். மீசை பாதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது வளரும். உடல் வெளுத்துப் பால் நிறமானதை எடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் தனிப் பையில், இறாலுக்கு இரட்டைப் பை, எல்லாம் தெர்மாகோல் பெட்டிக்குள். மூன்று நான்கு மணி நேரப் பயணம், மாலையில் கிளம்புவது நல்லது.

பல கடைகளில் மீன் தொட்டியை 1.020-க்கும் கீழே குறைந்த உப்பில் வைத்திருப்பார்கள். மீன் அந்த வித்தியாசத்தை ஓரளவு தாங்கும், இறால் தாங்காது. வீட்டுக்கு வந்ததும்:

1. தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் பையை 15 நிமிடம் மிதக்கவிடுங்கள்.
2. பையில் உள்ளதைச் சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டுங்கள். தொட்டியிலிருந்து ஏர் ட்யூப் இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு 2–3 சொட்டு விழும்படி இறுக்குங்கள்.
3. டப்பா நீர் இரண்டு மடங்கானதும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி சொட்டவிடுங்கள். இறாலுக்கு இரண்டு மணி நேரம், மீனுக்கு 45 நிமிடம் போதும்.
4. தொட்டியில் ஏற்கெனவே மீன் இருந்தால் வயிறு நிறையத் தீனி போட்டுவிட்டு, இருட்டிலேயே இறாலைக் குகை வாசலில் இறக்குங்கள். கடைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டியில் சேரக் கூடாது. கடைக்காரர் மீன் நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருக்கலாம்.
5. மறுநாள் காலை வரை விளக்கு வேண்டாம்.

வரிசை முக்கியம். இறால் முதலில், அடுத்து கோபி, ஃபயர்ஃபிஷ். இரண்டு வாரம் கழித்துக் கிளவுன், கடைசியாகக் கிராமா. அதட்டும் குணமுள்ளது எதுவோ அது கடைசியில் வரட்டும்.

படி 5: தீனி

மீனுக்குத் தினம் இரு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. இறால் மீனின் வாயிலிருந்தே பிடுங்கும் என்பதால் அதற்குத் தனியாகக் கொடுங்கள். வாரம் மூன்று முறை, ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சில் ஏர் ட்யூப் மாட்டி, மீனை ஒரு பக்கம் மேய விட்டுவிட்டு மறுபக்கம் குகைக்குள் மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிர், தீனியாக விற்பது) அல்லது பொடியாக நறுக்கிய கடல் இறால் சதை, அரிசி அளவில் நான்கைந்து துண்டு. மார்க்கெட் இறாலை உப்பும் மஞ்சளும் படாமல் வாங்கி ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். பசியில்லாத பெப்பர்மின்ட் இறால் தூங்கும் மீன் பக்கம் போவதில்லை.

படி 6: ஓடு கழற்றும் இரவு

சில வாரத்துக்கு ஒருமுறை இறால் ஓடு கழற்றும். முந்தைய நாளே தீனிக்கு வராமல் உள்ளே ஒதுங்கும். காலையில் மணலில் கிடக்கும் ஓடு செத்த இறால் மாதிரியே இருக்கும்: மீசை, கால், கண் மூடி வரை அப்படியே. எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலை ஓடும் வயிறும் சேரும் இடத்தில் முதுகில் பிளந்திருக்கும், உள்ளே சதை இருக்காது. செத்த இறால் என்றால் வெளுத்து இளஞ்சிவப்பாகி நாற்றம் அடிக்கும்.

ஓடு கெட்டியாக ஓரிரு நாள் ஆகும். அதுவரை கல்லை நகர்த்தாதீர்கள், புது மீன் விடாதீர்கள், தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். அயோடின் சொட்டு விற்பார்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் தேவையில்லை. அளவு மீறினால் கெடுதல்.

சண்டை வந்துவிட்டால்

இறால் செத்த மீனைத் தின்பதைப் பார்த்தால் முதலில் அம்மோனியா சோதியுங்கள். செத்ததைச் சுத்தம் செய்வது அதன் வேலை, கொன்றது பெரும்பாலும் வேறு. இறால் மேல் மூலையில், ஹீட்டர் வயருக்குப் பின்னால் பகலிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் யாரோ விரட்டுகிறார்கள். முட்டையைக் காக்கும் கிளவுன்தான் பல நேரம் காரணம், பத்து நாளில் தணியும். மீனின் வால் நேராக வெட்டியது போல் இருந்தால் பாக்ஸரைச் சந்தேகப்படுங்கள். வால் நார்நாராகக் கிழிந்திருந்தால் வேறொரு மீன்.

விரட்டும் மீனைத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டிக்குள்ளேயே ஐந்து நாள் அடைத்து, அதற்குள் கல்லின் அமைப்பை மாற்றிவிட்டால் அதிகாரம் குறையும். பாக்ஸரை வெளியே எடுக்க வலை உதவாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, ஒரு இறால் துண்டு போட்டு, வாய் கல்லைப் பார்க்கும்படி இரவில் மணலில் கிடத்துங்கள். விளக்கணைத்து ஓரிரு மணி நேரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கொடுக்கு நீளமான இறால் என்றால் பாட்டில் வாயைக் கொஞ்சம் அகலமாக வெட்ட வேண்டும்.

காயம்பட்ட மீனில் பிறகு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை மட்டும் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், ஏர் பம்ப்போடு, தனியாக வைத்து மருத்துவம் பாருங்கள். அந்த டப், வலை, ட்யூப் எதையும் இறால் தொட்டிப் பக்கம் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.