துவைத்த தண்ணீரைத் தோட்டத்திலேயே தெளியவைக்கும் ஜல்லிப் படுகை: செய்முறை விளக்கம்

துவைத்த தண்ணீரும் குளித்த தண்ணீரும் வாய்க்காலில் இறங்கும்போது பெரிய கேடாகத் தெரிவதில்லை. கெடுதல் பிறகுதான் தொடங்குகிறது. அதிலுள்ள சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் உடல் அழுக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி. அவை தின்று பெருகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. 25 டிகிரி செல்சியஸில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் வைத்திருக்கும். அது 2 மில்லிகிராமுக்கும் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் பிழைக்காது.

பாக்டீரியா ஆற்றில் செய்யப்போகும் அந்த வேலையை, ஜல்லி நிரப்பிச் செடி நட்ட நம் தோட்டத்துக் குழிக்குள்ளேயே முடித்து அனுப்புவதுதான் ஜல்லிப் படுகை. 1950களில் ஜெர்மனியில் உயிரியலாளர் கேத்தே சைடல் நீர்த்தாவரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. நிலத்தின் சாய்வு ஒத்துழைத்தால் மோட்டார்கூட வேண்டாம். என் வீட்டில் இப்போது இதுதான் ஓடுகிறது. கழிப்பறைக் குழாயை மட்டும் இதோடு சேர்க்கவே கூடாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

1. அளவு

தண்ணீர் கற்களுக்கிடையில் குறைந்தது மூன்று நாள் தங்க வேண்டும். நாளைக்கு 200 லிட்டர் என்றால் உள்ளே 600 லிட்டருக்கு இடம் தேவை. ஆனால் குழியில் பெரும்பகுதியைக் கல் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு என்பதை ஒரு வாளியே சொல்லிவிடும். பத்து லிட்டர் வாளியில் ஜல்லியை விளிம்புவரை நிரப்பி, அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றரை லிட்டர் பிடித்தால் இடைவெளி 35 சதவீதம். 600-ஐ 0.35-ஆல் வகுத்தால் சுமார் 1,700 லிட்டர். தண்ணீர் அரை மீட்டர் ஆழம் நிற்கும் என்றால் 3.4 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 2.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். சதுரக் குழி வேண்டாம். தண்ணீர் குறுக்கு வழியில் ஓடி வெளியேறிவிடும்.

2. குழியும் விரிப்பும்

ஆழம் 60 சென்டிமீட்டர். அடித்தளம் வெளியேறும் பக்கம் லேசாகச் சரியட்டும். மூன்று மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர் போதும். விரிப்புக்குக் குட்டைகளில் போடும் தடித்த ரப்பர் ஷீட்டையே வாங்குங்கள். சாதாரண தார்ப்பாயை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், ஜல்லியின் முனைகள் அதைக் கிழித்துவிடும். விளிம்பைத் தரையைவிடப் பத்து சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினால் மழைத் தண்ணீர் மண்ணோடு உள்ளே வராது.

3. வெளியேறும் குழாய்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். படுகை நன்றாக ஓடுவதும் கொசுப்பண்ணையாக மாறுவதும் இங்கேதான் முடிவாகிறது.

தண்ணீர் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழேயே இருக்க வேண்டும். வெளியே தெரிந்தால் கொசு முட்டையிடும், நாற்றமும் வரும். மட்டம் மிகவும் இறங்கினால் இளஞ்செடி காயும். ஆகவே மட்டத்தை ஏற்றி இறக்க வழி வேண்டும்.

அடியில், வெளியேறும் முனையில், துளையிட்ட பிவிசி குழாயைக் குறுக்காகக் கிடத்துங்கள். அது விரிப்பைத் தாண்டும் இடத்தில் டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் குழாயைக் கசியாமல் பொருத்தும் இணைப்பு) போட்டு இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து முறுக்குங்கள். வெளியே சிறு தொட்டிக்குள் ஒரு எல்போ (வளைந்த குழாய் இணைப்பு), அதன்மேல் நிமிர்ந்த துண்டுக் குழாய். அந்தத் துண்டின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, படுகைக்குள் தண்ணீரும் அந்த உயரத்தில்தான் நிற்கும். எல்போவைச் சாய்த்தால் மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். அதனால் எல்போவைப் பசை போட்டு ஒட்டிவிடக் கூடாது. ரப்பர் வளையம் உள்ள, திருகினால் திரும்பும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கல் போடுவதற்கு முன்பே குழியில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து, ஓரிரவு விடுங்கள். நிப்பிள் கசிந்தால் இப்போது ஐந்து நிமிட வேலை. பிறகென்றால் ஒரு டன்னுக்கு மேல் ஜல்லியை வாரி வெளியே போட வேண்டும்.

4. கல்

இரு முனைகளிலும் 40 முதல் 80 மில்லிமீட்டர் கல், நடுவே 10 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி. கழுவாமல் போடவே போடாதீர்கள். ஜல்லித்தூசி அடியில் படிந்து இடைவெளிகளை அடைத்துவிடும். வடியும் தண்ணீர் தெளிவாகும்வரை கழுவுங்கள்.

அடித்தளம் சரிவாக இருக்கிறதே என்று மேற்பரப்பையும் சரிவாக நிரப்பிவிடுவது உண்டு. தண்ணீர் சரிந்து நிற்காது. தாழ்ந்த முனையில் வெளியே வந்துவிடும். மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக்குங்கள்.

5. முன்தொட்டி

தண்ணீர் படுகைக்குள் போகும் முன் தங்கிப் போக மூடியுள்ள ஒரு டிரம் போதும். வெளியேறும் வாயில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) பொருத்தி அதன் கால் தண்ணீருக்குள் இறங்கும்படி வைத்தால் மிதக்கும் பிசுக்கு மேலேயே நின்றுவிடும், நூலும் முடியும் அடியில் தங்கும். துவைக்கும் இயந்திரம் ஒரே மூச்சில் கொட்டும் தண்ணீரையும் இந்த டிரம் தாங்கி மெதுவாக விடும். ஆனால் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் அதில் கிடந்தால் அழுகும். ஆகவே பெரிய டிரம் வேண்டாம்.

6. செடி

கல்வாழை, சம்பு, கோரை. என் விருப்பம் கல்வாழை. அடர்ந்து வளரும், வெட்டினாலும் துளிர்க்கும். முதல் சில வாரம் மட்டத்தை உயர்த்தி வையுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் வேர் ஆழம் தேடிப் போகும். செடிதான் அழுக்கை உறிஞ்சுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். முக்கால் வேலையும் கற்களில் படியும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலத்துடையது. அது உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை வரும் தண்ணீரை வைத்துப் படுகையை எடைபோடாதீர்கள். பிளீச்சிங் தண்ணீரை ஒருபோதும் உள்ளே விடாதீர்கள், படலம் செத்துவிடும்.

7. சோப்புத்தூள்

சில சோப்புத்தூள்களில் இருக்கும் பாஸ்பேட்டை (பாஸ்பரஸ் சேர்ந்த உப்பு) இந்தப் படுகை பெரிதாகப் பிடித்து வைக்காது. கனடாவில் 1973-இல் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பாசி படர்ந்து பச்சையானது. எனவே பாஸ்பேட் இல்லாத தூளாகப் பாருங்கள். போராக்ஸ் கலந்ததும் வேண்டாம். அதிலுள்ள போரான் செடியைக் கொல்லும்.

பின்சேர்க்கை: கட்டியவர்கள் கேட்டவை

*நாற்றம்.* முதலில் முன்தொட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பிசுக்கு அள்ளாமல் விட்டதாகத்தான் இருக்கும்.

*நுழையும் முனையில் தண்ணீர் தேங்குகிறது.* கல் அடைத்துவிட்டது. முழுப் படுகையையும் கலைக்க வேண்டாம். முதல் அரை மீட்டர் கல்லை மட்டும் எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

*இலை நுனி கருகுகிறது.* தூளில் சோடியமோ போரானோ அதிகம். திரவ சோப்புக்கு மாறிப் பாருங்கள்.

*வரும் தண்ணீரைக் கீரைக்கு விடலாமா?* கூடாது. தெளிந்திருந்தாலும் கிருமி இருக்கும். மரங்களின் அடியில், மண்ணுக்குள் இறங்கும்படி விடுங்கள். இலைமேல் தெளிக்க வேண்டாம்.